நூற்றைம்பது மில்லிமீற்றர்

மழைக்காலத்தில் எங்கள் அம்மாயி விடிந்ததும் நேரே பீலிக்குத்தான் போவார். குடத்தை வைக்கும் முன் இரண்டு கையாலும் தண்ணீரை ஏந்தி வெளிச்சத்தில் பார்ப்பார். கேகாலை மாவட்டத்து இறப்பர் தோட்டம் ஒன்றின் அடிவாரத்தில் எங்கள் லயம். பின்சுவரிலிருந்து பத்தடி தள்ளி மலை எழும்பும். அந்த மலையின் வயிற்றிலிருந்து கசிந்த ஊற்றுக்கு மூங்கிலைப் பிளந்து வைத்துப் பீலியாக்கியிருந்தார்கள். "தண்ணி செவந்து வந்தா மலை உள்ளுக்குள்ள கரையுதுன்னு அர்த்தம். ஓடிக்கிட்டிருந்த தண்ணி திடீர்னு நின்னுச்சுன்னா அதவிட மோசம். அப்ப சாமான் சட்டியப் பாக்காத, புள்ளைகளத் தூக்கிக்கிட்டு ஓடு" என்பார்.

பல வருடங்களுக்குப் பிறகு, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மலைநாட்டு மக்களுக்குச் சொல்லும் மண்சரிவு அறிகுறிகளை வாசித்தேன். நிலத்தில் வெடிப்பு, சுவரில் பிளவு, மரமும் மின்கம்பமும் சாய்வது, நேற்றுவரை சரியாகச் சாத்திய கதவு இன்று நிலையில் இறுகுவது, புதிதாக ஊற்றுக் கிளம்புவது, இருந்த ஊற்று வற்றுவது, தெளிந்த ஊற்று கலங்குவது. அம்மாயி சொன்ன இரண்டும் அதில் இருந்தன. அவருக்கு எழுத்துக்கூட்டத் தெரியாது. ஆனால் மலைக்குள்ளே தண்ணீர் என்ன செய்கிறது என்பதற்கு வெளியே தெரியும் ஒரே சாட்சி பீலி என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. ஊற்று சிவந்தால் மண்ணின் நுண்துகள்களைத் தண்ணீர் அரித்துக்கொண்டு வருகிறது. நின்றுபோனால் உள்ளே ஏதோ நகர்ந்து வழி அடைத்திருக்கிறது, தண்ணீர் வெளியேற முடியாமல் மலைக்குள்ளேயே சேர்கிறது.

அது எவ்வளவு தண்ணீர் என்பதற்கு ஒரு கணக்குப் போடலாம். ஒரு ஏக்கர் நிலம் ஏறத்தாழ 4,047 சதுர மீற்றர். அதில் 100 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழும் தண்ணீர் சுமார் நான்கு இலட்சத்து ஐயாயிரம் லீற்றர். எடையில் 405 தொன். 150 மில்லிமீற்றர் என்றால் 600 தொன்னைத் தாண்டும். ஒரு காலைப் பொழுதில் ஒருவர் பால்வெட்டி முடிக்கும் துண்டின்மீது ஒரே நாளில் இத்தனை எடை வந்து இறங்குகிறது. ஒரு பங்கு ஆவியாகும், ஒரு பங்கு மேலோடு வழிந்து கானுக்குள் இறங்கும். மிச்சமெல்லாம் மண்ணுக்குள் போகும்.

சபரகமுவவின் மலைகளில் அடியில் இருப்பது மிகப் பழைய, இறுகிய உருமாற்றப் பாறை. அதற்கு மேலே பாதி சிதைந்த பாறை, அதற்கும் மேலே பல அடி ஆழத்துக்குச் செம்மண். சில இடங்களில் எப்போதோ சரிந்து வந்து தங்கிய கல்லும் மண்ணும் கலந்த தளர்ந்த படை. தண்ணீர் செம்மண்ணுக்குள் இறங்கிப் பாறையைத் தொட்டதும் நிற்கிறது. கீழே போக வழியில்லாமல் அங்கேயே மட்டம் உயர்கிறது.

புட்டுக்கு மா குழைத்தவர்களுக்கு இதன் பிறகு நடப்பது புரியும். காய்ந்த மாவைக் குவித்தால் வழுக்கிப் பரவும். அளவாகத் தண்ணீர் தெளித்துப் பிசறினால் பிடித்த பிடியில் நிற்கும். மாவுத் துகள்களுக்கு நடுவே இருக்கும் சிறு ஈரம் அவற்றை ஒன்றோடொன்று இழுத்துப் பிடித்திருக்கிறது. இன்னும் ஒரு குவளை ஊற்றினால் பிடி தளர்ந்து களியாகி ஓடும். துகள்களுக்கு நடுவே இருந்த காற்று முழுவதும் வெளியேறித் தண்ணீர் நிறைந்ததும், இழுத்துப் பிடித்த அதே ஈரம் துகள்களைத் தள்ளி விலக்கத் தொடங்குகிறது. இதை நுண்துளை நீரழுத்தம் என்பார்கள். மலைச்சரிவு நிற்பது மண்துகள்கள் ஒன்றின்மேல் ஒன்று அழுத்தி உராய்வதால். நீரழுத்தம் ஏற ஏற அந்த உராய்வு குறைகிறது. மண்ணின் எடையோ தண்ணீரால் கூடிக்கொண்டே போகிறது. பிடி குறைந்து பாரம் கூடும் இந்த இரண்டு கோடுகளும் சந்திக்கும் கணத்தில் மலை இறங்குகிறது. வாரக்கணக்கில் அசையாத சரிவு சில நிமிடங்களில் ஓடி முடிவது இதனால்தான்.

அந்தக் கணத்தை முன்கூட்டியே சொல்ல முடியுமா? ஒவ்வொரு மலைக்குள்ளும் அழுத்தமானி இறக்கிப் பார்க்க எந்த நாட்டிடமும் பணம் இல்லை. அதனால் விஞ்ஞானிகள் மழையை அளக்கிறார்கள். இலங்கையில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பழைய சரிவுகளையும் அந்நாட்களின் மழையையும் ஒப்பிட்டு எல்லைகள் வகுத்திருக்கிறது. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் தாண்டினால் விழிப்பு. 100 தாண்டினால் வெளியேறத் தயார். 150 தாண்டினால், அல்லது ஒரே மணித்தியாலத்தில் 75 கொட்டினால், உடனே வெளியேற வேண்டும். மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு. தானியங்கி மழைமானிகளோடு, எவரும் வாசிக்கக்கூடிய எளிய மழைமானிகளும் மலைக் கிராமங்களுக்குக் கொடுக்கப்பட்டிருக்கின்றன. என்னைக் கேட்டால், கடந்த முப்பது ஆண்டுகளில் மலைநாட்டுக்குக் கிடைத்த விஞ்ஞானக் கருவிகளில் இதைவிடப் பெறுமதியானது வேறில்லை. ஒரு கோட்டைப் பார்த்து ஒரு குடும்பம் தானே முடிவெடுக்கலாம்.

ஆனால் இந்த எண்கள் சராசரிகள். பத்து நாள் நனைந்த மலைக்கு 150 தேவையில்லை. காய்ந்து கிடந்த மலை அதைத் தாங்கிவிடவும் கூடும். கான் தூர்ந்த சரிவும், துப்புரவாக வைத்திருக்கும் சரிவும் ஒரே மழைக்கு ஒரே மாதிரி நடக்காது. எண்ணை நம்பலாம், அதை மட்டுமே நம்பியிருக்கக் கூடாது. அம்மாயியின் பீலிக்கு இன்றும் வேலை இருக்கிறது.

சபரகமுவவில் வயதான எவரைக் கேட்டாலும் மழை மாறிவிட்டது என்பார்கள். இங்கே மழை என்றைக்கும் குறைவில்லை. இரத்தினபுரியில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் பெய்யும். அதன் மேல்மலைகளில் இன்னும் அதிகம். மாறியது விழும் விதம். ஒரு கிழமை பரவிப் பெய்ய வேண்டியது ஒரு இரவில் கொட்டுகிறது. இதற்கான பௌதிகம் எளியது. காற்றின் வெப்பநிலை ஒரு பாகை செல்சியஸ் கூடினால் அது சுமக்கக்கூடிய நீராவி ஏறத்தாழ 7 சதவீதம் கூடும். சுமப்பது கூடினால் ஒரே மூச்சில் இறக்குவதும் கூடும்.

சபரகமுவவில் வெள்ளமும் மண்சரிவும் வந்த மூன்று மே மாதங்களைப் பார்த்தால் இன்னொன்றும் தெரியும். 2003 மே 17, 2016 மே 17, 2017 மே 25-26. மூன்று முறையும் வங்காள விரிகுடாவில் ஒரு புயலோ, புயலாகப் போகும் தாழமுக்கமோ இருந்தது. 2016இல் அதன் பெயர் ரோனு, 2017இல் மோரா. இவற்றில் ஒன்றுகூடச் சபரகமுவவின்மீது வந்து மோதவில்லை. தூரத்தில் சுழன்றபடி தென்மேற்கிலிருந்து ஈரக்காற்றை இழுத்தன. அந்தக் காற்று கடலைக் கடந்து வந்ததும் முதலில் முட்டும் சுவர் சபரகமுவ மலைத்தொடர். முட்டிய காற்று மேலேறும், குளிரும், சுமந்ததைக் கொட்டும். 2017இல் குக்குலே கங்கைப் பகுதியில் ஒரே நாளில் 500 மில்லிமீற்றருக்கும் மேல் பெய்தது. 150இல் சிவப்பு என்றால் 500க்கு என்ன நிறம்? அந்த வெள்ளத்திலும் சரிவுகளிலும் நாடு முழுக்க 200க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மிக அதிகமாக இழந்த மாவட்டம் இரத்தினபுரி. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயல் தீவின்மீதே ஏறியது. உயிரிழந்தோர் 600ஐத் தாண்டினர். கேகாலையின் மலைகளும் அதில் சரிந்தன.

2016 மே 17ஐப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். அன்று மாலை அரநாயக்கவில் சாமசர கந்த மலையின் உச்சிப் பகுதி கழன்று, சேறும் பாறையுமாக ஏறத்தாழ இரண்டு கிலோமீற்றர் ஓடியது. எலங்கபிட்டிய, பல்லேபாகே, சிரிபுர என்ற மூன்று கிராமங்கள் அதன் வழியில் இருந்தன. இறந்தோரும் காணாமற்போனோருமாக 120க்கும் மேற்பட்டோர். மூன்று நாள் மழை 400 மில்லிமீற்றரைத் தாண்டியிருந்தது. உலகச் செய்திகள் எல்லாம் அரநாயக்கவுக்கு வந்தன. அதே நாளில், அதே கேகாலை மாவட்டத்தில், புலத்கொஹுபிட்டிய களுப்பஹன தோட்டத்து லயத்தின்மேலும் மலை இறங்கியது. பத்துக்கும் மேற்பட்ட தோட்டத்து உயிர்கள் போயின. அரநாயக்க என்றால் இன்று தமிழ் வாசகர்களில் பலருக்குத் தெரியும். களுப்பஹன என்றால் எத்தனை பேருக்குத் தெரியும்? இரண்டு துக்கங்களை எடைபோட நான் வரவில்லை. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிப் பழக வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

மலையில் விழுந்த தண்ணீர் போய்ச் சேரும் இடம் நகரம். இரத்தினபுரியின் கதை இங்கேதான் தோட்டத்தின் கதையோடு பிணைகிறது.

சிவனொளிபாத மலையில் பிறக்கும் களு கங்கையின் நீளம் 129 கிலோமீற்றர். முதல் 36 கிலோமீற்றருக்குள்ளேயே அது 2,000 மீற்றருக்கு மேல் இறங்கிவிடுகிறது. மிச்சம் 90 கிலோமீற்றருக்கு மேல் போய்க் களுத்துறையில் கடலைத் தொடும்வரை இறங்க இருப்பது மிகச் சொற்பம். ஏணியில் ஓடி இறங்கியவர் அடிவாரத்தில் நடக்க வேண்டியதுபோலத் தண்ணீர் அங்கே வேகமிழந்து தேங்குகிறது. தேங்கும் அந்தக் கிண்ணத்தில்தான் இரத்தினபுரி நகரம் இருக்கிறது. நகருக்கு மேலே ஆற்றுக்கு நீர் தரும் பரப்பு சுமார் 600 சதுர கிலோமீற்றர். அதன்மேல் 100 மில்லிமீற்றர் பெய்தால் ஆறு கோடி கனமீற்றர் தண்ணீர். அந்தப் பரப்பில் காடு உண்டு, கிராமம் உண்டு, தேயிலையும் இறப்பரும் உண்டு.

இந்த நகரத்தின் பெயரே வெள்ளம் தந்தது. மாணிக்கம் எடுப்பவர்கள் வயலுக்கு அடியில் தேடும் 'இல்லம்' என்ற சரளைப் படை, பழங்காலத்தில் மலை உடைந்து, வெள்ளம் உருட்டி, வேகம் குறைந்த இடத்தில் விட்டுச் சென்றது. கனமான கற்கள் முதலில் படியும், நீலக்கல்லும் கனமானது. ஆறு எங்கே நிற்குமோ அங்கே இரத்தினம் கிடைத்தது, இரத்தினம் கிடைத்த இடத்தில் நகரம் எழுந்தது. வெள்ளம் இந்த ஊருக்குப் புதிதில்லை. 1913, 1947 வெள்ளங்களைப் பெரியவர்கள் ஆண்டுக்கணக்காகச் சொல்லிக் கொண்டிருந்தார்கள். 2003 வந்ததும் அந்தக் கதைகள் பின்னால் போயின.

நகரம் என்ன செய்தது? வெள்ளம் எட்டாத மேட்டில் புதுநகரை எழுப்பிற்று. மாகாண சபையும் பல அரச அலுவலகங்களும் அங்கே இருக்கின்றன. பழைய நகரத்துக் கடைக்காரர்களுக்கு ஆற்றுமட்டம் மனப்பாடம். நீர்ப்பாசனத் திணைக்களம் 7.5 மீற்றரைச் சிறுவெள்ளம் என்றும் 9.5ஐப் பெருவெள்ளம் என்றும் சொல்கிறது. மட்டம் ஏறும் வேகத்தைக் கேட்டதும் மூட்டைகள் மாடிக்குப் போகும். நகருக்கு மேலே மல்வலவில் அணை கட்டி வெள்ளத்தைப் பிடித்து வைக்கும் யோசனை பல பத்தாண்டுகளாக இருக்கிறது. அணை நகரத்தைக் காக்கும், ஆனால் அதன் நீர்தேங்கும் நிலத்தில் இருப்பவர்களை இடம்பெயர்க்கும். அதனால் காகிதத்தில் நிற்கிறது. இதற்கிடையே ஆற்றோரத்துத் தாழ்நில வயல்கள் மண்ணிட்டு நிரப்பப்பட்டுக் கட்டடங்களாகின. வெள்ளத்துக்கு வயல் ஒரு பாத்திரம். பாத்திரத்தை மூடினால் தண்ணீர் தெருவில்தான் நிற்கும்.

நகரத்தின் முயற்சிகளைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. ஆனால் அவை எல்லாம் தண்ணீர் நகரத்துக்கு வந்து சேர்ந்த பிறகு தொடங்குகின்றன. தண்ணீர் புறப்படும் இடத்தில், தோட்ட எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கம், நகரத்தின் கை நீளவில்லை. அப்படி ஏன் என்று தேடினால் மழையிலிருந்து சட்டத்துக்குப் போக வேண்டியிருக்கிறது.

1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, பிரதேச சபை தன் நிதியைத் தோட்டக் குடியிருப்புகளுக்குச் செலவிட முடியாதபடி தடுத்தது. தோட்டத்து மக்கள் வாக்களித்தார்கள். அவர்கள் வாக்கில் வந்த உறுப்பினரால் லயத்துக்குப் பின்னால் ஒரு கான் வெட்டித்தர முடியவில்லை. 2018இல்தான் இந்தப் பிரிவு திருத்தப்பட்டது. முப்பத்தோரு ஆண்டுகள்! அந்த முப்பத்தோரு ஆண்டுகளுக்குள்தான் 2003, 2016, 2017 மூன்றும் வந்து போயின. காலநிலைக்கு ஈடுகொடுப்பது பற்றிய ஆங்கில அறிக்கைகள் நூற்றுக்கணக்கில் வாசித்திருக்கிறேன். இந்த ஒரு பிரிவைப் பேசிய அறிக்கையைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

காணியின் கதை இன்னும் சிக்கல். தோட்ட நிலம் அரசுடையது. 1992இல் தொடங்கிய தனியார்மயத்தில் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளின் கைக்குப் போனது. லயத்துக் காம்பராவுக்குக் குடியிருப்பவர் பெயரில் உறுதி இல்லை. அரநாயக்கவுக்குப் பிறகு, ஆபத்தான நிலத்திலிருந்து எழும்புபவர்களுக்குக் காணி வாங்க 4 இலட்சமும் வீடு கட்ட 12 இலட்சமும் தரும் திட்டம் வந்தது. நல்ல திட்டம், அதில் எழும்பிய குடும்பங்கள் இன்று பாதுகாப்பாக இருக்கின்றன. ஆனால் அது இழந்த வீட்டின் சொந்தக்காரரை மனதில் வைத்து வரையப்பட்டது. மூன்று தலைமுறை வாழ்ந்தும் சொந்தக்காரர் ஆகாதவர் அந்தப் படிவத்தை நிரப்பும்போது எந்தக் கோட்டில் கையெழுத்து வைப்பார்? 7 பேர்ச்சஸ் காணியும் தனிவீடும் தரும் தோட்ட வீடமைப்பு வேறு வழியாக, வேறு அமைச்சு வழியாக, மெதுவாக வருகிறது. மலை மெதுவாக வருவதில்லை.

லயங்கள் ஏன் அந்த இடத்தில் இருக்கின்றன என்பதும் நிலவியல் கேள்விதான். மேட்டுச் சரிவு பயிருக்கு. குடியிருப்புக்கு ஒதுங்கியது மலையடியில் கொஞ்சம் சமமாக, பக்கத்தில் ஊற்றோடு இருந்த துண்டு. மலையடியில் ஏன் திடீரென்று ஒரு சமதளம்? பல இடங்களில் அது முன்னொரு காலத்தில் சரிந்து வந்த மண் தங்கிய மேடை. பக்கத்தில் ஏன் ஊற்று? மலையின் தண்ணீர் எல்லாம் அங்கே கூடுவதால். தண்ணீர் வசதி என்று பார்த்துத் தேர்ந்த இடமே தண்ணீரின் வழி.

பதுளை மாவட்டத்தில் கொஸ்லந்தை மீரியபெத்தவை 2014 ஒக்டோபர் 29 அன்று மலை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் சொல்லப்பட்டிருந்தது. எச்சரிக்கை இருந்தது, மக்களும் அங்கேயே இருந்தார்கள். நள்ளிரவில் ஒரு தோட்டத்துக் குடும்பத்துக்குச் சிவப்பு எச்சரிக்கை வந்தால் என்னென்ன நடக்க வேண்டும் என்று நினைத்துப் பாருங்கள். செய்தி தமிழில், விளங்கும் தமிழில் வர வேண்டும். கைபேசியில் சிக்னல் இருக்க வேண்டும். போகும் பாதை சரிவுக்குக் குறுக்கே போகாமல் இருக்க வேண்டும். போய்ச் சேரும் கட்டடம் திறந்திருக்க வேண்டும். மறுநாள் காலை வேலைக்கு வராவிட்டால் பேர் விழாது, சம்பளம் இல்லை என்ற பயம் இருக்கக் கூடாது. இறப்பர் தோட்டத்தில் மழை ஏற்கெனவே சம்பளத்தைத் தின்கிறது. பட்டை நனைந்தால் பால் வெட்ட முடியாது, வெட்டினாலும் பால் கழுவுண்டு போகும். அந்த நட்டத்துக்கு மேல் ஒரு சிவப்பு நாள் என்றால், "இன்னைக்கு ஒரு ராத்திரிதானே, பாத்துக்கலாம்" என்று யாருக்கும் தோன்றும். இதை அறியாமை என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அவர்கள் இரண்டு ஆபத்துகளை எடை போடுகிறார்கள். ஒன்று வரலாம், மற்றது நிச்சயம்.

ஹொங்கொங்கைச் சொல்லாமல் இந்த அத்தியாயத்தை எழுத முடியாது. 1972 ஜூன் 18 அன்று ஒரே நாளில் சவ் மாவ் பிங்கிலும் போ ஷான் வீதியிலும் சரிவுகள் விழுந்து 138 பேர் இறந்தார்கள். 1976இல் சவ் மாவ் பிங்கில் மறுபடியும் சரிந்தது. 1977இல் சரிவுகளுக்கென்றே ஒரு அரச அலுவலகம் தொடங்கினார்கள். மனிதர் வெட்டிய, நிரப்பிய சரிவுகளை ஒவ்வொன்றாகக் கணக்கெடுத்தார்கள். ஏறத்தாழ 60,000 சரிவுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு இலக்கம், அதைப் பராமரிக்க வேண்டியவர் யார் என்ற பதிவு. அங்கே இன்றும் கடும்மழை கொட்டுகிறது, மண்ணும் சரிகிறது. ஆனால் சாவு பெரிதும் குறைந்துவிட்டது. அவர்களிடம் பணம் இருந்தது உண்மை. ஆனால் முதல் வேலையாகிய 'இந்தச் சரிவு யாருடையது' என்ற கேள்விக்குப் பணம் அதிகம் தேவையில்லை. சபரகமுவவில் ஒரு லயத்துக்குப் பின்னால் நிற்கும் சரிவு யாருடையது? கம்பனி நிலம் அரசுடையது என்னும். அரசு குத்தகைக்குக் கொடுத்தாயிற்று என்னும். பிரதேச சபைக்கு 2018வரை கேட்கவே உரிமையில்லை. மழைக்கு மட்டும் அது யாருடையது என்ற சந்தேகம் இல்லை.

தோட்டத்திலேயே கைவசம் ஒரு பதில் இருந்தது என்பதுதான் எனக்கு ஆறாத வருத்தம். அது கான். சமவரையில் சரிவுக்குக் குறுக்கே வெட்டிய சிறு கான்கள், அவை போய்ச் சேரும் பெரிய இறக்குக் கான். மழைநீர் மண்ணுக்குள் இறங்கும் முன் பிடித்து, வேகம் தணித்து, ஓடைக்குக் கொண்டுபோக ஏற்பட்ட அமைப்பு. கான் வெட்டு ஒரு தனி வேலை, அதற்கென்று ஆண்கள் இருந்தார்கள். ஆள் குறைந்தது, செலவு குறைக்கப்பட்டது, பல மலைகளில் கான் தூர்ந்தது. தூர்ந்த கான் வெறும் பயனற்ற கான் என்று எண்ண வேண்டாம். அது சரிவின் நடுவே தண்ணீரைத் தேக்கி நிறுத்தி, நேரே மண்ணின் வயிற்றுக்குள் அனுப்புகிறது. நான் அறிந்த எந்தப் பெரிய தொழினுட்பத்தைவிடவும் மழைக்கு முன் வெட்டிய கான் மலிவானது.

மறுநடுகையும் அப்படித்தான். இறப்பர் மரம் 25, 30 ஆண்டில் பால் குறைந்து பிடுங்கப்படும். பழைய வேர் மண்ணுக்குள் அழுகி வலுவிழக்கும், புதுக் கன்றின் வேர் இன்னும் பிடித்திருக்காது. இந்தச் சில ஆண்டுகள் ஒரு சரிவின் வாழ்வில் மிகப் பலவீனமான காலம். எந்த மலையை எப்போது பிடுங்குவது, அதன் அடியில் லயம் இருக்கிறதா, மூடுபயிர் மழைக்கு முன் பரவுமா என்று கேட்பது விவசாயமும்தான், உயிர்காப்பும்தான். கேகாலையில் ஒரு தோட்ட மலையின் மறுநடுகை அட்டவணையைப் புலத்கொஹுபிட்டியவிலோ யட்டியாந்தோட்டையிலோ உள்ள பிரதேச செயலகம் பார்க்க வேண்டும். ஏனென்றால் அந்த மலையின் தண்ணீர் களனி கங்கை வழியே கொழும்புவரை போகிறது.

பெரிய வேலைகள் எல்லாம் இப்படி இருக்க, சின்னது ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் தோட்டத்தில் ஒரு மே மாத இரவு சனங்கள் லயத்தை விட்டு எழும்பிப் பாடசாலைக்குப் போனார்கள். மேட்டில் இருந்த ஒரே கற்கட்டடம் அதுதான், பாதுகாப்பு நிலையம் என்று பட்டியலில் இருந்ததும் அதுதான். பூட்டியிருந்தது. சாவி நகரத்தில், பொறுப்பானவரின் வீட்டில். கைக்குழந்தைகளோடு விடியும்வரை தாழ்வாரத்தில் நின்றார்கள். மழை சாரலாக உள்ளே அடித்தது. அம்மாயி ஈரச் சீலையோடு சுவரில் சாய்ந்திருந்தது எனக்கு நினைவிருக்கிறது. அடுத்த மழைக்குள் பெற்றோரும் ஆசிரியர்களும் சேர்ந்து பேசினார்கள். இன்னொரு சாவி செய்ய எவ்வளவு செலவாகும் என்பதைவிட, அதை யார் வைத்திருப்பது என்பதற்குத்தான் நேரம் எடுத்தது. யார் வீடு எப்போதும் திறந்திருக்கும், யார் இரவில் எழும்புவார், யாருடைய பேச்சுக்கு லயம் முழுக்க எழும்பி வரும் என்றெல்லாம் பேசினார்கள்.

இப்போது அந்தச் சாவி மேட்டு லயத்துக் கடைசிக் காம்பராவில், சாமிப்படத்துக்குப் பக்கத்தில் ஒரு ஆணியில் தொங்குகிறது. வாசலில் மழைமானி. 75, 100, 150 என்ற கோடுகளுக்கு நேரே யாரோ நகப்பூச்சால் நிறம் தீட்டியிருக்கிறார்கள். அந்த வீட்டு அக்கா இரவு பத்து மணிக்கு ஒரு தடவை, இரண்டு மணிக்கு ஒரு தடவை டோர்ச் அடித்துப் பார்ப்பார். பார்த்துவிட்டுப் பீலிப் பக்கமும் ஒரு நடை போய் வருவார்.